ஒன்பதாம் ஆணி

திங்கட்கிழமை மாலை நாலு மணிக்குப் பொத்தானை அமுக்கியபோது, கம்ப்யூட்டரில் ஃபைல் தேடும் ஜன்னல் அறை ஏழின் ஃபோல்டரில் திறந்திருக்க வேண்டும். அறை மூன்றில் திறந்தது.

எல்லோரும் சாவி என்று கூப்பிடுகிற அவனுக்கு அது உடனே தெரியவில்லை. எழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் விழுங்குகிறவன் இல்லை அவன். நாற்பத்து மூன்று வயதில் அரிச்சுவடி பிடித்தவன். இன்றைக்கும் விரலைத் திரையின் மேல் வைத்து, உதட்டை அசைத்து, கல் சுமக்கிறவன் படி ஏறுவதுபோல ஒவ்வோர் எழுத்தாக ஏறித்தான் ஒரு சொல்லின் உச்சிக்குப் போவான். அ. றை. மூன்று. ஏறிப் பார்த்தால் அங்கே இருக்கக் கூடாத சொல் உட்கார்ந்திருந்தது.

அந்தக் குளிர்பதனக் கிடங்கில் அறை ஒன்று உண்டு, இரண்டு உண்டு, நாலிலிருந்து ஏழு வரை உண்டு. மூன்று இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்பே அதன் குளிரை அணைத்து, குறுக்கே பிளைவுட் தட்டி அடித்து, முன்பாதியில் ஒரு மேசையும் கம்ப்யூட்டரும் போட்டு ஆபீஸ் ஆக்கிவிட்டார்கள். அந்த மேசையில்தான் சாவி உட்கார்ந்திருந்தான். முதுகுக்குப் பின்னால் தட்டி. தட்டிக்குப் பின்னால் மிச்ச அறை, இருட்டில். வெயிலும் வராது, மழைச் சத்தமும் வராது. பகலா இரவா என்று கடிகாரம்தான் சொல்ல வேண்டும். ஒரு சாண் தடிமன் உள்ள பழைய கதவு மட்டும் அப்படியே நின்றது. கண் உயரத்தில் அதில் கையகலக் கண்ணாடி ஒன்று. வெளிப்புறத்து இரும்புக் கொண்டியும் அப்படியே. யாரும் அதைப் போடுவதில்லை, அதனால் யாரும் கழற்றவும் இல்லை.

அங்கே உட்கார வேறு எவரும் ஒப்பவில்லை. "எனக்கென்ன, நான் உக்காந்துக்கறேன்" என்றவன் சாவி ஒருவன்தான். பெரிய மனசு என்றார்கள். மனைவி தவறிப் பத்து வருஷம் ஆகிறது. வீட்டுக்குப் போனாலும் நாலு சுவர்தான் பேசப் போகிறது, அதை இங்கேயே கேட்டுக்கொள்ளலாம் என்று அவன் நினைத்தது யாருக்கும் தெரியாது.

வேலை என்னவோ சின்ன வேலைதான். ஒவ்வோர் அறையிலும் ஒரு சின்னப் பெட்டி, நிமிஷத்துக்கு ஒரு தடவை அறையின் சூட்டை அளந்து ஃபைலில் எழுதிக்கொண்டே இருக்கும். மாலையில் சாவி ஆறு ஃபைலையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்ட, கம்ப்யூட்டரிலுள்ள கணக்கு ஷீட் அவற்றை ஒன்றாகக் கோத்து அறிக்கையாக்கும். முன்பெல்லாம் ஃபைல் இருக்கும் பாதையைக் கையால் அடிக்க வேண்டும். ஓர் எழுத்து பிசகினால் ஷீட் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஒரு பாதைக்கு அவன் அரை மணி நேரம் வியர்ப்பதைக் கேள்விப்பட்டு, தலைமை ஆபீசில் ஷீட்டைத் தானாக வேலை செய்ய வைக்கும் மேக்ரோ எழுதும் பெண் ஒரு பொத்தான் வைத்துக் கொடுத்தாள்.

"அமுக்குங்க அண்ணா, ஒரு ஜன்னல் தொறக்கும். உள்ள ஃபோல்டரா இருக்கும். போய் ஃபைல தொட்டுக் காட்டிட்டு 'திற'ன்னு இருக்கறத அமுக்குங்க. பாதைய அதுவே எழுதிக்கும். கடைசியா எந்த ஃபோல்டருக்குப் போனீங்களோ, மறுநாள் அங்கதான் தொறக்கும். உங்க கை போன இடத்த அது மறக்காது."

அவள் முகத்தை அவன் பார்த்ததே இல்லை. ஆனாலும் வாரத்தில் அவனோடு இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசுகிற ஒரே ஆள் அவள்தான்.

திங்களன்று அவன் மேலே போகும் அம்பைத் தொட்டு அந்த ஃபோல்டரைவிட்டு வெளியே வந்தான். வழக்கமான ஆறையும் காட்டி, ஏழில் முடித்து, அறிக்கையை அனுப்பினான். யாரோ பழைய குப்பையைத் தட்டிவிட்டிருப்பார்கள். போகட்டும்.

செவ்வாயன்று ஜன்னல் மறுபடி மூன்றில் திறந்தது. இம்முறை இன்னொரு படி உள்ளே. அறை 3 › கதவு.

போன் போட்டான்.

"தானா எல்லாம் போகாது அண்ணா," என்று சிரித்தாள் மேக்ரோக்காரி. "நீங்கதான் எதையோ ரெண்டு தட்டு தட்டியிருப்பீங்க. பயந்துட்டா 'ரத்து' அமுக்கிட்டு வெளிய வந்துடுங்க."

ரத்தை அமுக்கினான். ஜன்னல் மூடியது. பாதை விழ வேண்டிய கட்டத்தில் மட்டும் ஐந்து ஆங்கில எழுத்து வந்து நின்றது. அவனுக்கு ஆங்கிலம் தெரியாது. வடிவத்தை ஒவ்வொன்றாகச் சொன்னான்.

"ஓ, அதுவா? பொய்னு அர்த்தம். நீங்க எதையும் காட்டாம வெளிய வந்தா அது அப்படித்தான் எழுதும். நான் அதுக்கு ஒரு வரி எழுதாம விட்டுட்டேன், அடுத்த வாரம் சரி பண்றேன். கோவிச்சுக்காதீங்க, உங்கள சொல்லல!"

அவளோடு சேர்ந்து அவனும் சிரித்தான். போனை வைத்த பிறகு தட்டியின் பக்கத்திலிருந்து ஒரு வாடை வந்தது. நனைந்த அட்டைப்பெட்டி வாடை. அதற்கு அடியில், பழைய பனிக்கட்டியை உடைத்தால் வருமே, மீனும் இரும்பும் கலந்த ஒன்று. ஆறு வருஷமாகக் காய்ந்து கிடக்கிற அறைக்கு அந்த வாடை எங்கிருந்து வரும்?

புதனன்று: அறை 3 › கதவு › மழை நாள்.

அன்றைக்குப் போன் போடவில்லை. மளமளவென்று வெளியே வந்து வேலையை முடித்துவிட்டு, விளக்கைக்கூட அணைக்காமல் கிளம்பிப் போனான்.

வியாழன் விடுமுறை. கிடங்கில் ஆள் இல்லை. குளிருக்கு ஏது விடுமுறை. அறிக்கை அன்றைக்கும் போயாக வேண்டும். பிற்பகலில் சாவி உள்ளே நுழைந்தபோது நடைபாதையில் ஒரு பெண் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். சாவியோடு கிடங்கில் வேலை பார்த்த நெட்டையின் மனைவி. நெட்டை போன பிறகு கிடங்கில் கொடுத்த வேலை அது.

நடைபாதைச் சுவரில் அட்டைப் பலகை. பன்னிரண்டு ஆணி, ஆளுக்கு ஓர் ஆணி. உள்ளே வருகிறவர் பெயர் எழுதிய அட்டையைத் தன் ஆணியில் மாட்ட வேண்டும். போகும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். பூட்டுகிறவன் பலகையைப் பார்த்துத்தான் பூட்டுவான். அட்டை தொங்கினால் ஆள் உள்ளே. சாவியின் ஆணி இரண்டாவது. அதில் அவள் தன் பையை மாட்டியிருந்தாள். அவளை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று, சாவி கைக்கு எட்டிய காலி ஆணியில் தன் அட்டையைத் தொங்கவிட்டான்.

"என்ன சாவி அண்ணா, லீவு நாள்லயும் வந்துட்டீங்க? வீட்டுல அடுப்பு வெரட்டுதா?"

"அடுப்பு எங்க வெரட்டுது, அதுவே பத்த வைக்க ஆளில்லாம தூங்குது."

"சரிதான். உங்க வீட்டு அடுப்பையும் எங்க வீட்டு அடுப்பையும் சேத்து ஒண்ணா வித்துடலாம்." சிரித்தவள் துடைப்பானை ஊன்றிக்கொண்டு நின்றாள். சிரிப்பு நிற்கவில்லை, மெதுவாக வடிந்தது. "நேத்து என் பொண்ணு கேக்கறா அண்ணா. அப்பா ஏம்மா அட்டைய மாட்டாம உள்ள போனாருன்னு. பள்ளிக்கூடத்துல எவளோ சொன்னாளாம், உங்கப்பன் மறதியில செத்தவன்னு. நான் என்னத்த சொல்ல? அந்த மனுஷன் செருப்பக்கூட ஜோடியா வரிசை பாத்து விடறவரு. நீங்கதானே அன்னைக்குப் பூட்டினீங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பலகையில அவரு அட்டை இல்லவே இல்லையா?"

ஆறு வருஷத்தில் இப்போதுதான் அவள் வாய்விட்டுக் கேட்கிறாள்.

"அஞ்சாவது ஆணியில அவன் அட்டை இல்லம்மா," என்றான் சாவி.

அது உண்மை. ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

"என்னமோ போங்க," என்று அவள் வாளியைத் தூக்கினாள். பையை எடுத்துத் தோளில் போட்டாள். "நான் கெளம்பறேன். கதவ பாத்துக்கங்க அண்ணா. நீங்களும் மறதியா இருந்துடாதீங்க, உங்களத் தேட ஆளில்ல."

அவள் செருப்புச் சத்தம் நடைபாதை முழுக்க நீளமாகப் போய், வெளிக்கதவில் முடிந்தது.

உள்ளே வந்து உட்கார்ந்தான். குழல்விளக்கு கொசுபோல ரீங்கரித்தது. தூரத்தில் மற்ற அறைகளின் கம்ப்ரெசர்கள் ஒன்று மாற்றி ஒன்று மூச்சு வாங்கின. இத்தனை வருஷத்தில் அவற்றை எண்ணாமலே அவனால் எண்ண முடியும். ஒன்று, இரண்டு, நாலு, ஐந்து, ஆறு, ஏழு. இன்றைக்கு அவற்றுக்கு அடியில், தரை வழியாகக் காலில் ஏறுகிற மாதிரி, இன்னொரு உறுமல் இருந்தது. எது என்று யோசிக்க அவன் விரும்பவில்லை. பொத்தானை அமுக்கினான்.

ஜன்னல் திறந்தது. விரலை வைத்தான். ஏறினான்.

அறை 3 › கதவு › மழை நாள் › ஒன்பதாம் ஆணி.

விரல் திரையைவிட்டு வரவில்லை.

ஒன்பதாம் ஆணியின் சங்கதி இந்த உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

அந்த நாளில் காலையிலிருந்தே அடைமழை. சூப்பர்வைசர் வந்த வேகத்தில் தன் நனைந்த மழைக்கோட்டை ஐந்தாவது ஆணியில் மாட்டிவிட்டார். அது நெட்டையின் ஆணி. மாலையில் கோட்டை எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார். ஐந்தே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் சாவி பூட்ட வந்தான். அப்போது அவனுக்கு எழுத்துத் தெரியாது. அட்டையில் என்ன எழுதியிருந்தால் அவனுக்கென்ன. அவன் ஆணியைத்தான் எண்ணுவான். சுட்டுவிரலால் காற்றில் தொட்டுத் தொட்டு எண்ணினான். ஐந்து காலி, நெட்டை கிளம்பிவிட்டான். ஒன்பதில் மட்டும் ஓர் அட்டை. ஒன்பது லாரி டிரைவருடையது. வாரத்தில் நாலு நாள் அட்டையை எடுக்காமல் போகிற ஆள். "மறதிக்காரப் பய," என்று சிரித்து, அந்த அட்டையை விரலால் ஒரு சுண்டு சுண்டினான். அது ஆடிக்கொண்டிருக்கும்போதே மூன்றாம் அறைக் கொண்டியைப் போட்டுப் பூட்டிவிட்டு, மழையில் வீட்டுக்கு நடந்தான்.

டிரைவர் அன்றைக்கு லீவு.

காலையில் திறந்தது அவன்தான். உள்ளிருந்து திறக்கும் குமிழ் பனி பிடித்து இறுகிப்போயிருந்தது. கத்துவதற்கு முன்னால், ஆளைக் கூப்பிடுவதற்கு முன்னால், அவன் செய்த முதல் காரியம் ஒன்பதாம் ஆணியிலிருந்த அட்டையை எடுத்து மடியில் செருகிக்கொண்டது. அது நெட்டையின் அட்டையா, டிரைவர் என்றோ விட்டுப்போனதா? யாரிடமும் காட்டிப் படிக்கச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் அரிச்சுவடி. இந்த வயதில் படிக்கிறானே என்று ஊரே மெச்சியது. எட்டு மாதம் கழித்து, விளக்கடியில், வாழ்க்கையில் முதன்முதலாக அவன் தானே கூட்டிப் படித்த சொல் நெட்டையின் பெயர்.

சாவிக்கொத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். பட்டப்பெயரை மட்டும் யாரும் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

ரத்து. அமுக்கினான். கட்டத்தில் அந்த ஐந்து எழுத்து வந்தது. பொத்தான். அதே இடம். ரத்து. அதே எழுத்து. பொத்தான், ரத்து, பொத்தான், ரத்து. விரல் நுனி மரத்திருந்தது. ஊதிக்கொண்டான். ஊதிய மூச்சு வெள்ளையாகத் தெரிந்தது.

போனை எடுத்தான். மேக்ரோக்காரியின் பின்னால் குழந்தை அழுகிற சத்தம், டிவி சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம். ஒரு நிறைந்த வீடு.

"சொல்லுங்க அண்ணா. லீவு நாள்ல வேலையா? இருங்க, லேப்டாப்ல பாக்கறேன்..." கொஞ்ச நேரம் தட்டினாள். "அறை மூணுன்னு ஒரு ஃபோல்டரே இல்லையே அண்ணா. ரெண்டுக்கு அப்புறம் நாலுதான். உங்களுக்கு என்ன தெரியுது? பாதைய முழுசா படிச்சுக் காட்டுங்க."

"அறை மூணு."

"ம்."

"கதவு."

"ம்."

"மழை நாள்."

"இதெல்லாம் யாரு வச்ச பேரு? சரி, அப்புறம்?"

அடுத்த சொல்லை அவனால் இப்போது ஒரே பார்வையில் படிக்க முடிந்தது. ஏற வேண்டியிருக்கவில்லை. படித்தால் போதும். அவள் கேட்பாள், என்ன ஆணி அண்ணா என்று. அவன் சொல்வான். அப்புறம் ஒரு சிறுமி பள்ளிக்கூடத்தில் தலை நிமிர்ந்து நடப்பாள்.

"அவ்வளவுதான்மா," என்றான்.

"அப்ப ஒண்ணும் இல்ல. உள்ள என்ன இருக்கோ அதத் தொட்டு 'திற' கொடுங்க. ஒருதடவை தொறந்துட்டா விட்டுடும். வைக்கறேன் அண்ணா, புள்ள அழறான்."

போன் அடங்கியது. அந்த வீடும் அடங்கியது. கட்டத்தில், அவன் எதையும் தொடாமலே, அந்த ஐந்து எழுத்து இன்னொரு தடவை விழுந்தது.

உள்ளே ஒரே ஒரு ஃபைல். தொட்டான். திற.

ஷீட் மேலிருந்து கீழாக நிரம்பியது. இடப்பக்கம் மணி, வலப்பக்கம் சூடு. தேதி ஆறு வருஷத்துக்கு முந்தையது. முதல் வரி, ஐந்து நாற்பது: 37.0.

குளிர் அறையில் முப்பத்தேழா? பெட்டி பழுது. மைனஸ் பதினெட்டு இருக்க வேண்டிய இடத்தில்... ஐந்து ஐம்பது: 37.1. யாரோ ஓடிக் குதித்து, கதவை உதைத்துச் சூடேற்றிக்கொண்டதுபோல. ஆறரை: 36.6. ஏழு: 36.0. நிமிஷத்துக்கு ஒரு வரி. இறங்கிக்கொண்டே போயிற்று. அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. அந்தப் பெட்டி அளந்தது அறையை அல்ல.

கண்ணை மூடப் பார்த்தான். மூட முடியவில்லை. அவனுக்கு ஒரு வரி தெரிய வேண்டியிருந்தது. ஒரே ஒரு வரி. அன்று ராத்திரி படுக்கையில் புரண்டபோது, சூப்பர்வைசரின் மழைக்கோட்டு எந்த ஆணியில் தொங்கியது என்று திடீரென்று ஞாபகம் வந்து எழுந்து உட்கார்ந்தானே. கடிகாரம் பத்து காட்டியது. வெளியே கொட்டுகிற மழை. இருக்காது, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போர்வையை இழுத்தானே. அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று ஆறு வருஷமாக அந்தப் போர்வையைத்தான் போர்த்திக்கொண்டிருக்கிறான்.

பத்து மணி: 33.4.

உயிரோடு.

பத்தரை: 32.7. பன்னிரண்டு: 29.8. உயிரோடு. உயிரோடு.

அதற்குக் கீழே அவன் படிக்கவில்லை. எண்கள் காத்திருக்கவும் இல்லை. கடகடவென்று ஓடி, மைனஸ் பதினெட்டில் போய் நின்றன. ஒரு வரி காலி. பிறகு, புதிய வரி ஒன்று தானாக விழுந்தது.

இன்றைய தேதி. நாலு பன்னிரண்டு. 36.8.

கடிகாரத்தைப் பார்த்தான். நாலு பன்னிரண்டு.

தரைக்கு அடியிலிருந்த உறுமல் தட்டிக்குப் பின்னால் எழுந்து நின்றது. மூன்றாவது கம்ப்ரெசர். பிளைவுட்டின் இடுக்குகளிலிருந்து வெண்புகை தரையோடு தரையாக வழிந்து, நாற்காலிக் காலைச் சுற்றியது.

நாலு பதிமூன்று. 36.7.

எழுந்தான். நாற்காலி விழுந்தது. போனை எடுத்து நெட்டையின் மனைவியின் எண்ணைத் தேடினான். சொல்லிவிடலாம். இப்போதே. எல்லாவற்றையும். மரத்த விரலால் திரையைத் தொட்டான். போன் அதைத் தொட்டதாகவே எடுத்துக்கொள்ளவில்லை. மறுபடி தொட்டான். விரலுக்குக் கீழே பனி படர்ந்தது.

கதவுக்கு ஓடினான். குமிழைப் பிடித்து இழுத்தான். ஆறு வருஷத்துக்கு முன் புதிதாக மாட்டிய குமிழ். இறுகியிருந்தது. உள்ளங்கைத் தோல் அதில் ஒட்டிக்கொண்டது. பிய்த்துக்கொண்டான். தோளால் இடித்தான். கத்தினான். ஒரு சாண் கதவு. சத்தம் அவனிடமே திரும்பி வந்தது.

கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தான்.

நடைபாதையில் விளக்கு எரிந்தது. பலகைக்கு முன்னால் ஓர் ஆள் முதுகைக் காட்டி நின்றான். தலை மேல்விளக்கை இடிக்கிற உயரம். தோளில், தலைமுடியில், காது மடலில், வெள்ளை பூத்திருந்தது. கையில் சாவிக்கொத்து.

சாவி கண்ணாடியில் அறைந்தான். ஆள் திரும்பவில்லை.

மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது. எழுத்து! அவனுக்குத்தான் எழுத்துத் தெரியுமே. மங்கலின் மேல் விரலால் எழுதினான், கோணலாக. உள்ளே இருக்கிறேன். நெட்டை, நான் உள்ளே இருக்கிறேன்.

அந்த ஆள் எதையும் படிக்கவில்லை. அவன் எண்ணிக்கொண்டிருந்தான். சுட்டுவிரல் காற்றில் தொட்டுத் தொட்டுப் போயிற்று.

ஒன்று.

இரண்டு. அங்கே விரல் கொஞ்சம் நின்றது. இரண்டாவது ஆணி காலி.

மூன்று. நாலு. ஐந்து.

மத்தியானம் கைக்கு எட்டிய ஆணி எது என்று அப்போதுதான் சாவிக்கு நினைவு வந்தது.

ஆறு. ஏழு. எட்டு.

ஒன்பதில் ஓர் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. நெடிய தோள்கள் சிரிப்பதுபோல லேசாகக் குலுங்கின. வெளுத்த விரல் ஒன்று அதை ஒரு சுண்டு சுண்டியது.

எழுத்துகளின் மேல் பனி பிடித்து அவை அப்படியே இறுகி நின்றன. அவற்றின் கோடுகளுக்கு நடுவே தெரிந்த இடுக்கில், அந்த ஆள் பலகையைவிட்டுத் திரும்பிக் கதவை நோக்கி வந்தான். கை கொண்டிக்கு உயர்ந்தது. அவனுக்குப் பின்னால், ஒன்பதாம் ஆணியில், அட்டை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.